நிலக்கரிக்குப் பத்தி இல்லை

அறிக்கையின் நான்காம் பக்கத்தில்
உபகரணம் என்றொரு பத்தி.
பதினாறு சேனல் டிஜிட்டல் மிக்ஸர், ஒன்று.
பில் இருக்கிறது. படமும் இருக்கிறது:
நன்கொடையாளரின் ஸ்டிக்கர்
கேமராவைப் பார்த்து நேராக நிற்கிறது.

கரி என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
எழுதிக் கேட்டேன்.
அன்றாடச் செலவு தகுதிக்கு வெளியே என்று
மறுநாளே பதில், புன்னகைக் குறியோடு.

நாரின் பள்ளத்தாக்கில் ஜனவரி
மைனஸ் இருபத்தெட்டு.
காலை ஆறு மணிக்கு மிக்ஸரின் திரை
கறுத்தே கிடக்கிறது.
மெதர்பெக் தன் ஆட்டுத்தோல் கோட்டை அதற்குப் போர்த்திவிட்டு
பழைய ஆறு சேனல் பெட்டியின் தூசியை ஊதி
ஒயரை மாற்றுகிறான்.
ஒரு குமிழ் போய்விட்டது; அங்கே பாட்டில் மூடி.

வானிலை. கணவாய் மூடல். பிறகு
புருல்சா வாசிக்கிறாள்:
இடது காது கிழிந்த செம்பழுப்புப் பெண்குதிரை,
சனிக்கிழமை முதல் காணவில்லை.

அறிவிப்புக்கு நாற்பது சோம்.
அசில்பெக்கிடம் காசு இல்லை.
மூன்று மூட்டை கரியை வாசலில் இறக்கிவிட்டு
பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"நாளைக்கும் சொல்வீங்களா?"

அடுப்பு பிடித்தது.
பத்து மணிக்குத் திரையும் விழித்து
அப்டேட் கேட்டது.

இரவு கணக்கை முடிக்கிறேன்.
உபகரணம்: பயன்பாட்டில் உள்ளது.
பொய்யில்லை, பத்து மணிக்குப் பிறகு.
அடுத்த தவணைக்கு அந்த வரி வேண்டும்.
உள்ளூர்ப் பங்களிப்பு என்ற கட்டத்தில்
எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன்:
கரி, மூன்று மூட்டை.
எக்செல் சிவக்கிறது.
அந்தக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்குமாம்.

குதிரை இன்னும் கிடைக்கவில்லை.