எந்த அரசு

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
பல் டாக்டருக்கும் டியூஷன் வகுப்புக்கும் நடுவே என் அறை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், மூன்று மொழி.
நான்காவது ரஷ்யன். பலகையில் எழுதவில்லை,
கேட்டு வருபவர் ஆண்டுக்கு ஒருவர்.

இந்த ஆண்டு இருதயமேரி.
பொகவந்தலாவையிலிருந்து, நனைந்த குடையோடு.
நிலவியல் பட்டம், எண்பத்தொன்பது.
முப்பது வருடம் படிப்பித்த பிறகு
ஓய்வூதியக் கந்தோரில் சொன்னார்களாம்:
கம்ப்யூட்டர் பட்டியலில்
அப்படியொரு நாடு இல்லை.

கருநீல அட்டையைப் பிரித்தேன்.
உள்ளே கதிரும் சுத்தியலும், மை மங்காமல்.
கூடவே ஆண்டு விழாக் கையேடு ஒன்று,
கறையான் தின்றது போக மிச்சம்.

பேரரசன் ஒருவன் கையெழுத்தில் திறந்தது.
முதல் வருடம் பேராசிரியர் இருபத்தைந்து,
மாணவர் பத்தொன்பது.
லத்தீனில் பாடம். இடுப்பில் வாள்.
கலகம் என்று இருமுறை பூட்டினார்கள்.
ஒரு போரில் நூலகம் குதிரை லாயம்;
அடுத்த போரில் இரு தரப்பும்
அதே அலமாரிகளை எரித்துக் குளிர் காய்ந்தன.
பேரரசு, குடியரசு, ஒன்றியம், அந்நியப் படை,
திரும்ப ஒன்றியம், திரும்பக் குடியரசு.
ஒவ்வொரு முறையும் வாசல் பலகையைத்தான் கழற்றினார்கள்.
சுவரில் ஆணி ஓட்டைகள் அப்படியே.
"விரல் விட்டுப் பாத்திருக்கேன் சார்,
குளிருக்கு ஒதுங்கி நிக்கிறப்ப."

எல்லாப் பலகையிலும் ஒரு சொல் மாறவில்லை:
அரச.
அதைத் தட்டச்சு செய்துவிட்டு நிறுத்தினேன்.
எந்த?

அவள் அப்பாவுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி
எழுபத்தொன்பதில் வந்தது.
அதுவரை லயத்தில் ஒன்பது பேர், நாடு பூச்சியம்.
அங்கே போன முதல் நாள் படிவத்தில்
நாடு என்ற கட்டத்தை
அவள் பெரிய எழுத்தில் நிரப்பினாளாம்,
கோட்டுக்கு வெளியேயும் போய்.
பட்டம் வாங்கி இரண்டு வருடம்.
பட்டம் கொடுத்த நாடு
ஒரு மார்கழியில் இல்லாமற் போயிற்று.

"அதுக்கும் நம்ம ஆளுக மாதிரி
கடதாசிப் பிரச்சினதான்" என்று சிரித்தாள்.
கீழே கண்டி பஸ் கொண்டக்டர்
கண்டியைத் தவிர எதையும் சொல்லவில்லை.

அடிக்குறிப்பு எழுதினேன், சத்தியத்தின் பேரில்:
மேற்படி அரசு தற்போது இல்லை.
மேற்படி பல்கலைக்கழகம் இருக்கிறது.

எண்ணூறு ரூபாய். ஐந்நூறு போதும் என்றேன்,
கேட்கவில்லை.
என் முத்திரையை ஊதி, மையில் ஒற்றி,
அழுத்தினேன்.
ஆடி மழை.
காய நேரமெடுக்கும், மடிக்காதீர்கள் என்றேன்.