பத்து நிமிடம் காயட்டும்

முப்பத்தொன்றாம் தேதி, மாலை ஐந்து இருபது.
ஆம்பூர் பைபாஸில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுக்
கணக்குப் பார்க்கிறேன், நாலாவது தடவை.
நானூற்று ஐம்பதில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
ஐம்பத்துநாலு டின் குறைகிறது.
செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் பசை.
என் துப்பட்டாவில், சோற்றில், தலையணையில்
பத்து வருடமாக அதன் வாசனை.

தயானந்தனுக்கும் இதே வாசனைதான்.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
வேலூரை யாராவது கேலி பேசினால்
'முடிவில்லா மாசம், அதையும் சேர்த்துக்கோ' என்பான்.
மார்ச்சில் பேரணாம்பட்டில் எழுபது டின் தள்ளினான்,
'சும்மா வாங்கி வைங்க பாய், அப்புறம் பாத்துக்கலாம்' என்று.
நூற்றிரண்டு சதவீதம். மேடையில் கூப்பிட்டுச் சால்வை.
ஏப்ரலில் எழுபதும் லாரி ஏறித் திரும்பி வந்தன.
மே மாதம், கத்திரி வெயில்,
பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி
ரசீது கொடுக்கும் பையனிடம் கேட்டானாம்:
'தம்பி, வேலூர் எந்தப் பக்கம்?'

விருதம்பட்டில் பிறந்தவன்.

இப்போது மச்சானின் பெயின்ட் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.
போன வாரம் பார்த்தேன்,
பிரஷ் எண்ணிக்கொண்டிருந்தான், நிதானமாக.
எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

கம்பெனிக்குள் நுழைந்ததும் ஜுனைத் பாய் முகத்தைப் பார்த்தார்.
'எவ்ளோம்மா குறையுது?'
சொன்னேன்.
'பில்லைப் போடு. அடுத்த மாசம் எடுத்துக்கினு போ.
நமக்குள்ள என்ன.'
நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம்.
டேப்லெட்டைத் திறந்து ஐம்பத்துநாலு என்று அடித்தேன்.
அனுப்புவதற்கு ஒரு விரல்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து லைனில் ஒரு புதுப் பெண்,
கழுத்தில் புது அடையாள அட்டை, பெயர் ரோஸ்லின்,
பசையைத் தடவித் தடவி உடனே அமுக்கிக்கொண்டிருந்தாள்.
வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது,
எத்தனை கம்பெனியில் எத்தனை பேருக்குச் சொன்ன பாடம்:
'காயட்டும்மா. பத்து நிமிஷம் சும்மா வை.
ஈரத்துல அமுக்கினா பிடிச்ச மாதிரிதான் தெரியும்.
முதல் மழைக்கு வாயைப் பொளந்துக்கும்.'
'பத்து நிமிஷம் சும்மா உக்காந்தா
சூப்பர்வைசர் திட்ட மாட்டாரா அக்கா?'

பதில் தெரியவில்லை.
'திட்டுவாரு' என்றேன்.

ஐம்பத்துநாலை அழித்தேன்.
ஜுனைத் பாய் புருவத்தை உயர்த்தினார், ஒன்றும் கேட்கவில்லை.
உண்மையிலேயே வேண்டியது ஆறு டின் என்றார்.
ஆறுக்குப் பில் போட்டேன்.

ரீஜினல் மேனேஜர் போனில் கத்தினார். சரியாக ஏழு நிமிடம்.
எண்பத்தொன்பது சதவீதத்தை வைத்துக்கொண்டு
நான் எப்படித் தூங்கப்போகிறேன் என்று கேட்டார்.
நான் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே ரோஸ்லினின் மேசையில்
வரிசையாக எட்டு ஜோடி,
தடவி, ஒட்டாமல், வாயைத் திறந்தபடி.

தூங்கினேன் சார்.
நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய்.
மூன்று மணிக்கு ஒரு தடவை விழிப்பு வந்தது,
தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு
சம்பளமும் வந்தது, பூஜ்யமும் வந்தது.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நானூற்று எழுபது.
இருபது கூட்டியிருக்கிறார்கள்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
சத்துவாச்சாரி மாடியிலிருந்து பார்த்தால்
மலையில் மரமில்லை, உண்மைதான்.
ஆனால் ஒரு ஆட்டுக்கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது,
பாறைக்குப் பாறை நின்று, எதையோ மென்று.
அங்கே மெல்ல என்ன இருக்கிறதோ.

ஒன்பது பத்துக்கு எழுந்து
வாணியம்பாடிக்குப் போன் போட்டேன்.