சிங்கம் பார்த்தீங்களா

சூரமங்கலம் முழுக்க இதே கேள்விதான்.
பால்காரர் கேட்டார், மேல்வீட்டு ஷகிலா கேட்டாள்,
பென்ஷன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் கேட்டார்,
அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.
பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.
ஒரு வார்த்தைதானே.

அறுபதுக்கு நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது:
இரண்டாம் முறை தாலி.
முதல் முறையே கட்டாதவளுக்கு என்ன செய்வதென்று
சொந்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.
தம்பி அம்பலவாணன் ரொம்ப யோசித்து
ஒரு ஹோமம் வைக்கலாமா என்றான்.
அவன் மனைவி
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விளக்கு எடுக்கலாம் என்றாள்.
நான் கென்யா என்றேன்.
கன்னியாகுமரியா, என்றான்.

ஜங்ஷனில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்.
முப்பத்து நாலு வருடம்.
அரைவட்ட ஓட்டை, அதற்குள் வரும் கைகள்:
மாம்பால் பட்டுக் கறுத்த விரல்,
கொலுசுப் பட்டறையில் சுட்டுக்கொண்ட விரல்,
மருதாணி இன்னும் காயாத விரல்.
எந்த ஊர், எத்தனை பேர், கீழ் பெர்த் இல்லை.
முகம் வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும்.
பெரும்பாலும் குனிந்ததில்லை.

அங்கே ஜீப்பின் கூரையைத் தூக்கி நிறுத்தினார்கள்.
அவ்வளவுதான். தூக்கினார்கள்,
நான் ஸீட் மேல் ஏறி நின்றேன்.
நாலு பக்கமும் தரை போய்க்கொண்டே இருந்தது,
நிறுத்த ஒரு மலை இல்லை.
எனக்குக் கூச்சமாக இருந்தது.
எந்தத் தெருவில் நிமிர்ந்தாலும்
சேர்வராயனோ கஞ்சமலையோ ஜருகுமலையோ
ஏதோ ஒன்று நின்று நம்மைக் கவனிக்கும் ஊரில் இருந்து
போனவள் நான்.

பிறந்தநாளன்று டயர் வெடித்தது.
சிங்கம் படுத்திருக்கிறதாம்,
மற்ற வண்டிகள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.
டிரைவர் லெமாயன், தம்பி மகன் வயது,
மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு
வண்டிக்கு அடியில் போனான்.
நாற்பது நிமிடம்.
அதற்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கி
தண்ணீருக்கு வந்தது.

வந்ததும் குடிக்கவில்லை.
இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.
முன்னங்கால்களை அகட்டியது, போதவில்லை,
இன்னும் கொஞ்சம் அகட்டியது,
பாதி குனிந்து
என்ன தோன்றியதோ, நிமிர்ந்துவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.
மூன்றாம் முறைதான் வாய் நீரைத் தொட்டது.
குடித்துத் தலை தூக்கியபோது
வாயிலிருந்து ஒரு நீர்க்கோடு
வெயிலில் வளைந்து,
அவ்வளவு உயரத்திலிருந்து
அவசரமில்லாமல் விழுந்தது.
லெமாயன் பார்க்கவில்லை. போட்டோவும் இல்லை.
செல்போன் பையில், பை வண்டிக்குள்.

ராத்திரி கூடாரத்தில் கேக்.
சிங்கம் பார்த்துவிட்டு வந்த புனே தம்பதி கைதட்டினார்கள்.
மங்கையர்க்கரசி என்று எழுதக் கொடுத்திருந்தேன்;
கேக்கில் இடம் போதாமல்
மங்கையோடு நிறுத்தியிருந்தார்கள்.
பேதை, பெதும்பை, மங்கை.
தமிழ்க் கணக்கில் பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று.
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?
மெழுகுவர்த்தியை ஊதினேன்.

வந்து பதினோரு நாள்.
ஷூவைக் கழுவவில்லை.
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அது காய்கிறது,
அதற்குப் பின்னால் ஏற்காட்டுச் சாலையில்
ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு காணாமல் போய்ப் போய் வருகிறது.

இன்று காலை தைராய்டு மாத்திரை கைநழுவி
கட்டிலுக்கடியில் உருண்டது.
இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்,
கால்களை அகட்டினேன்.
பாதியில் முட்டி வேண்டாமென்றது, நிமிர்ந்தேன்.
வாசலில் பால்காரர் மணி அடித்தார்.
இருங்க, என்றேன்,
இன்னும் ஒரு தரம் இருக்கிறது.