ஊசிக்கோடு

பால்காரருக்கு ஒரே மாசக் காசை
ரெண்டு தடவை கொடுத்துப்போட்டேன்.
அதுக்குத்தான் கோயமுத்தூர் வரைக்கும்.
ஊதா மூடிக் குழாயில் ரத்தம் பிடித்த பெண்
பத்து நாளாகுமுங்க என்றாள்.
டவ்வோ என்னவோ, ஒரு புரதம்.
மறதி வருமுன்பே
ரத்தத்தில் வந்து நிற்குமாம்.

எனக்கு இது புதுசில்லை.
இருபத்தாறு வருசம் திருப்பூரில்
செக்கிங் டேபிளில் நின்றவள்.
அடியில் ட்யூப்லைட், மேலே கிரே துணி.
ஊசிக்கோடு விழுந்தால் ரோல் முழுக்க ஓடும்.
சாயம் ஏறினால்தான் ஓனர் கண்ணுக்குத் தெரியும்.
நான் முந்தியே சாக்பீஸ் போட்டிருப்பேன்.

இன்று கவர் வந்தது.
பாவாத்தாள், 64.
பெரியவன் பிரிக்கட்டுமா என்கிறான்.

இருடா.
ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.
எழுத்து தெரியவில்லை, மடிப்புதான்.

நூறு ஜிஎஸ்எம் இருக்கும் என்றேன்.
நல்ல தாள்.