இடது ஊசி

ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
முதல் தவணை கட்டிவிட்டு
சுங்கைப்பட்டாணியிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.
பீடோங்கில் இறங்கும்போது
இரண்டு காலும் மரத்திருந்தன.

பெட்டியைத் திறந்தால் புது வாசம்.
சிவப்பு நீலம் பச்சை மஞ்சள் என்று
நூல் போகும் வழிக்கெல்லாம் அம்புக்குறி.
குணாளன் விளக்கப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு
பரீட்சை மண்டபக் கண்காணிப்பாளர் மாதிரி
பின்னால் நின்றார்.

சனிக்கிழமை பாலர் பள்ளியில் பட்டமளிப்பு.
முப்பத்தொரு அங்கி, மஞ்சள் சாட்டின்.
பட்டதாரிகளுக்கு ஆறு வயது.
வெட்டிய கையோடு ஓரம் பிரிந்து கொட்டும் துணி.
அதற்காகத்தானே
ஓவர்லாக் வாங்கியதே.

முதல் அங்கி.
நாலு தையல் விழுந்தது, ஒன்று தாண்டியது.
ஆறு விழுந்தது, இரண்டு தாண்டியது.
ஓரம் முழுக்க ஓட்டைப் பல்.

ஊசி மாற்றினேன். நூல் மாற்றினேன்.
திருகை மூன்றில் வைத்தேன், நாலில் வைத்தேன்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.
லூப்பரில் நூல் கோர்க்க
ஓர் இடுக்கி, கைப்பேசி வெளிச்சம்,
எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முருகா.

கடைக்கார ஊய் போனில் மலாயில் சொன்னார்:
மிஷின் நல்ல மிஷின், கைதான் பழகணும்.
கூலிம் ஃபேக்டரியில்
நாளைக்கு நானூறு காலர் வைத்த கை இது.
எனக்கு வாயில் வந்த பதிலுக்கு
மலாயில் சொல் தெரியவில்லை.

வியாழக்கிழமை அஸ்மான் வந்தான்,
பைக்கில், முதுகில் கருவிப் பை.
அவன் மிதித்ததும் ஓடியது பாருங்கள்,
இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பு மாதிரி
அத்தனை ஒழுங்கு.
மைலோ குடித்தான், தாளில் கையெழுத்து வாங்கினான்.
பைக் சத்தம் செம்பனை ஆலை வளைவைத் தாண்டியதும்
இதுவும் தாண்டியது.

ராத்திரி பதினொன்று.
மூடியைத் திறந்து பிரஷ் விட்டேன்.
மேலே மஞ்சள் தூசு, என்னுடையது.
கத்திக்கு அடியில்
இன்னும் உள்ளே
சுருண்டு கிடந்தது இளஞ்சிவப்பு.

நான் இளஞ்சிவப்பு தைக்கவே இல்லை.

குரூணிலோ யானிலோ ஒருத்தி.
அவளும் திருகைத் திருகித் திருகிப் பார்த்திருப்பாள்.
பிள்ளையின் பிறந்தநாள் கவுனோ
கூலிக்குப் பிடித்த பாஜு கூரோங்கோ.
அவளிடமும் சொல்லியிருப்பார்கள், கைதான் பழகணும் என்று.
ஒரு நாளாவது
அவள் அதை நம்பியிருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட
கொஞ்சம் தள்ளித்தான் நின்றது.
சாட்டின் துண்டு ஒன்று எடுத்து
அந்த மிஷினிலேயே ஓரம் அடித்தேன்,
தாண்டத் தாண்ட.
பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன்
மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை:
இடது ஊசி தாண்டும். உங்கள் கை காரணமில்லை.
தூசு தட்டத் திறக்கிறவளுக்கு மட்டும்
படுகிற இடத்தில் செருகி
மூடியைச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஊய் மேசைமேல்
கச்சான் பொட்டலம் அளவு பிளாஸ்டிக் பை.
உள்ளே இளஞ்சிவப்பு.
அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு ரொம்ப நேரம்
காற்றாடியைப் பார்த்தார்.
வேறு பெட்டி வந்தது.
டேப்பை அங்கேயே கிழித்து
மூடியை அங்கேயே திறந்து
விரலை விட்டுத் துழாவினேன்.
விரலில் எண்ணெய் மட்டும்.

விடிய விடிய முப்பது அங்கி.
அந்த முதல் அங்கியைப் பிரித்து அடிக்க
நேரமில்லை.
அது லிஷாந்தனுக்குப் போயிற்று.
பேர் கூப்பிட்டதும் மேடைக்கு ஓடினான்.
மூன்றாம் வரிசை நாற்காலிக் காலில் சிக்கி
ஒரு மஞ்சள் நூல்
அவன் பின்னாலேயே
நீண்டுகொண்டு போனது.