முப்பது மில்லிஆம்பியர்

மீட்டர் பெட்டியைத் திறந்ததும்
ஸ்லாவ்கோ ஒன்றும் பேசவில்லை.
விசில் அடித்தான்.

கறுத்த பலகை. ஆறு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்.
ஒவ்வொன்றின் கீழும் பென்சில் எழுத்து:
அடுப்பு. லைட். பின்னறை. ஜோன்.
டூங்காபியில் இந்த வீட்டைக் கட்டியவர்கள் எழுதியது.
ஜோன் யாரென்று பத்திரத்தில் இல்லை.

மூன்றாவதை இழுத்துக் காட்டினான்.
ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஏதோவோர் இருட்டில் பொறுமை இழந்து
தடித்த செப்புக் கம்பியை மடித்துச் செருகியிருந்தார்.
"இது எரியாது," என்றான். "வீடுதான் எரியும்."

மூன்று வருடம் தள்ளிப்போட்டோம்.
முதலில் குசினிக்குக் கிரானைட். பிறகு டெக்.
பிறகு குகநேசனின் தங்கை கலியாணத்துக்கு நாலு டிக்கெட்.
சுவருக்குள் கிடப்பதற்குச் செலவழித்தால்
வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

முகமூடி போட்டுப் பலகையைக் கழற்றினான்.
அஸ்பெஸ்டாஸ் என்றான்.
இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஓரங்களை டேப்பால் மூடினான்.
இருதய வார்டில் எனக்குப் பதினொரு வருடம்.
இப்படிப் பொதிவது தெரியும்;
டேப் கிழிபடும் அந்தச் சத்தமும்.

புதுச் சுவிட்சின் நெற்றியில் அச்சிட்டிருந்தது:
முப்பது மில்லிஆம்பியர்.
அந்த எண் எனக்கு மறுகரையிலிருந்து பழக்கம்,
மார்பில் பேடில் வைத்து
"எல்லாரும் விலகுங்கள்" என்று கத்துகிற கரை.
அதற்கு மேல் போனால் இதயம்
துடிப்பதை மறந்து நடுங்கத் தொடங்கலாம்.

பழைய ஃபியூஸ் வயரைக் காக்கும், கையைக் காக்காது.
ஒரு பிள்ளையின் உடம்பு அதற்கு
இன்னொரு சின்ன பல்ப்.

புதியதற்கு ஒரே வேலை, கணக்கு.
போன கரண்ட் திரும்பி வந்ததா?
குறைந்தால், கண் இமைக்குமுன் கதவைச் சாத்தும்.

சாத்தியது.
செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு. புதனும். வெள்ளியும்.
ஃப்ரிட்ஜில் மீன்குழம்பு கெட்டது.
"பழசு ஒருநாளும் இப்படிச் செய்யவில்லை," என்றான் குகநேசன்,
போர்வைக்குள்ளிருந்து.

சனி முழுக்க எல்லாவற்றையும் பிடுங்கி
ஒவ்வொன்றாகச் செருகினேன்.
கிரைண்டர். ரைஸ் குக்கர். இஸ்திரி.
ஈரல் நோயாளியைச் சந்தேகிப்பதுபோல் மைக்ரோவேவ்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறு விடியமுன் வெளியே இரண்டு பாகை.
கோட்டோடு, டார்ச்சோடு ஹோலில் குந்தியிருந்தேன்.
மீன்தொட்டியில் தண்ணீர் குளிர்ந்து குளிர்ந்து
ஹீட்டரின் சிவப்புப் பொட்டு ஏற்றிக்கொண்டது.
டக்.
வீடு முழுக்க இருட்டு.

காலுறையோடு வந்து நின்றாள் மிதுஷா.
"தண்ணி கடிச்சதா அம்மா?"

குளிர்கிற காலையில் மட்டும் கடிக்கும் என்றாள்.
தீனி போடும்போது, விரல் நுனியில்.
பிறகு மீன்களுக்குச் சூடானால் கோபம் போய்விடும்.
"சொன்னேனே."

சொன்னாள்தான்.
போன ஜூலை. அதற்கு முந்திய ஜூலையும்.
அதை நான் வார்டில் தேநீர் வேளையில் சொல்லியிருக்கிறேன்:
எங்கள் வீட்டு கப்பி மீனுக்குப் பல் இருக்கிறதாம்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஹீட்டரின் கண்ணாடியில் விரிசலைத் தேடினேன்.
கண்ணுக்குத் தெரியவில்லை.
நகத்தால் வருடினால் மட்டும் ஒரு மயிரிழை.

டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அழுத்தினால் போதும் என்று ஸ்லாவ்கோ சொல்லியிருக்கிறான்.
வேலை முடிந்து வருகிற காலைகளில்
பெட்டியைத் திறந்து அழுத்துகிறேன்.

உள்ளே கார்ட்டூன் நின்றுபோய்
"அம்மா!" என்று கத்துகிறாள்.

உடனே ஏற்றிவிடுவதில்லை.
இன்னொருமுறை கத்தட்டும்.