மூன்று மாதச் சராசரி

ஒன்பது புள்ளி நான்கு என்றது தாள்.
ஜவ்வரிசி மண்டியில் பத்தொன்பது வருஷம்
உட்கார்ந்தே கணக்கெழுதியவள் நான்,
என் பெயருக்கு நேரே
இப்படியொரு பாக்கியைப் பார்த்ததில்லை.
"நடங்கம்மா" என்றார் டாக்டர்.
செவ்வாய்ப்பேட்டையில் எங்கே நடப்பது?
லாரிக்கும் மூட்டைக்கும் நடுவில்
வயிற்றை எக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு.

மாடி வீட்டு பிலோமினா
ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.
ஏற்காட்டு வளைவுகள் இருபதில்
பதினான்காவதில் வாந்தி.
இறங்கியதும் ஒரு கடப்பாரை,
கட்டைவிரல் கிழிந்த கையுறை ஒரு ஜோடி.
மகளின் பழைய டிராக் பேண்ட்டில்
யாருக்கும் என்னைத் தெரியாது என்பது மட்டும் நிம்மதி.

உன்னிச்செடி.
பூவைப் பார்த்தால் கை வராது,
மஞ்சளும் ரோஸுமாய்க் குழந்தைச் சட்டைத் துணி.
ஆனால் அடியில் ஒரு புல் முளைக்கவிடாது.
மேய்ச்சல் இல்லாத காட்டெருமை
காப்பித் தோட்டத்துக்குள் நிற்கிறது.
"மேலே வெட்டினா சிரிச்சுக்கிட்டே துளிர்க்கும் ஆன்ட்டி,
கழுத்துக்குக் கீழ, மண்ணுக்குள்ள,
அங்க வெட்டணும். அப்புறம்
வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைங்க."
செங்கனிக்கு வயசு இருபது,
பேசும்போதே நாலு சாய்த்துவிட்டாள்.
அன்றைக்கு என் கணக்கில் மூன்று.

"சம்பளமா தர்றாங்க?" என்றார் வீட்டுக்காரர்,
என் முதுகில் தைலம் தேய்த்தபடி.
அடுத்த ஞாயிறும் தேய்த்தார்.
ஆடியில் கேட்பதை நிறுத்திவிட்டார்.
ஒரு நாள் மண்டியில்
மாடிப்படி முடிந்த பிறகுதான் தெரிந்தது
நடுவில் நிற்காமல் வந்திருக்கிறேன் என்று.

ஏழு புள்ளி எட்டு.
"எந்த ஜிம்முங்க?" என்றார் டாக்டர்.
சரிவில் புல் வந்திருப்பதைச் சொல்லலாமா என்று பார்த்தேன்,
எலுமிச்சை வாசத்தோடு, முழங்கால் உயரம்.
அவருக்கு அடுத்த டோக்கன் காத்திருந்தது.

பிறகு மழை. பிறகு தீபாவளி.
அதிரசம் எத்தனை என்று நானும் எழுதிவைக்கவில்லை.
எட்டு புள்ளி ஒன்று.
மலையிலும் அதே கதை:
நாங்கள் வெறுமையாக்கிய இடமெல்லாம்
கொண்டைக்குருவி விதை போட்டுவிட்டுப் போக
விரல் நீளத்துக்கு உன்னிக் கன்றுகள்.
செங்கனி இடுப்பில் கைவைத்து
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.

மண்டியிட்டேன். முட்டி இரண்டும்
இன்னும் சத்தம் போடுகின்றன, அது தீரவில்லை.
கடப்பாரையைத் தள்ளி வைத்தேன்.
ஈர மண்.
இரண்டு விரல் போதும் இதற்கு.